மின்னூலில் எங்கே கையெழுத்துப் போடுவது?

மாநாட்டுக் கூடத்தில் கையெழுத்து மேசை. வரிசை நீளமாக இருக்கிறது. ஒருவர் தன் முறை வந்ததும் பையிலிருந்து கிண்டிலை எடுத்து நீட்டுகிறார். "உங்க நாவல் மூணையும் இதுலதான் படிச்சேன்" என்கிறார். எழுத்தாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார், எழுதத்தான் இடம் தெரியவில்லை. திரையில் எழுத முடியாது. பின்பக்கத்தில் எழுதலாமா என்று கேட்க அவருக்குக் கூச்சம், எழுதித் தாருங்கள் என்று சொல்ல வாசகருக்குக் கூச்சம். இருவரும் சிரிக்கிறார்கள், ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

அமேசானின் மின்னூல் வாசிப்பானான கிண்டில் விற்பனைக்கு வந்தது 2007 நவம்பரில். அன்றிலிருந்து இந்தச் சங்கடத்துக்கு ஆளுக்கொரு மருந்து சொல்லியிருக்கிறார்கள். சிலர் நிறுவனமே தொடங்கிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பொருந்தும் வழி இன்னும் வரவில்லை. அதனால் மாநாட்டுக்குக் கிளம்பும் எழுத்தாளர் தன் நிலைமையைப் பார்த்துத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வுக்கு உதவத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்ந்தெடுக்கும் முன் கையெழுத்து எதற்கு என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். காகிதப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்துவிடுகின்றன. நாம் சந்தித்தோம் என்பதற்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு பிரதி 'என் பிரதி' ஆகிவிடுகிறது. அந்த அடையாளம் புத்தகத்தோடேயே ஒட்டிக்கொண்டு அலமாரியில் இருக்கிறது. மின்னூலில் இந்த மூன்றும் பிரிந்துவிடுகின்றன. சந்திப்புக்கு அடையாளம் தருவது சுலபம். பிரதியைத் தனியாக்குவது கொஞ்சம் கடினம். கையெழுத்தும் நூலும் பத்து வருடம் கழித்தும் ஒன்றாக இருக்க வைப்பதுதான் உண்மையான தலைவலி.

ஏனென்றால் பெரும்பாலான கடைகளில் மின்னூல் வாங்கினால் கிடைப்பது ஒரு பொருள் அல்ல, படிக்கும் உரிமம். 2009 ஜூலையில் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் கடையில் ஏற்றிவிட்டார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெலின் '1984' பிரதிகளை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தானே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் புத்தகத்தில் போட்டு வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின என்று ஒரு மாணவர் வழக்கே தொடுத்தார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. அங்கேயும் பணம் திரும்பியது. குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடாக 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். எழுத்தாளரின் கையெழுத்தும் அப்படியொரு குறிப்பாக அந்தக் கோப்புக்குள் இருந்திருந்தால் அதற்கும் இதே கதிதான். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி: கருவியின் முதுகில் எழுதுவது. மின்னூல் வாசிப்பான்கள் வந்த புதிதிலேயே இது தொடங்கிவிட்டது. இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வைஃபை வேண்டாம், பதிப்பகத்தைக் கேட்க வேண்டாம். பத்து விநாடியில் முடிந்துவிடும். பல மாநாடுகளுக்குப் போகும் வாசகர் ஒரே உறையில் இருபது எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். பழைய ஆட்டோகிராஃப் நோட்டு மாதிரி அதற்கும் ஓர் அழகு வந்துவிடுகிறது. இருநூறு புத்தகங்களை ஒரே கருவியில் படிப்பவருக்கு, தன்னை வாசகனாக்கியவர்கள் எல்லாரும் ஒரே முதுகில் இருப்பது பொருத்தம்தான் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் அங்கே இருப்பது கருவியின் மேல் கையெழுத்து, புத்தகத்தின் மேல் இல்லை. பேட்டரி தேய்ந்து கருவியை மாற்றும் நாளில் வாசகர் கையெழுத்தைப் பிரிய வேண்டும், அல்லது செத்த கருவியைக் கையெழுத்துக்காக வைத்திருக்க வேண்டும். அதனால் கருவியை விட்டுவிட்டு, கழற்றக்கூடிய உறையில் எழுதச் சொல்வதே நல்லது. அதிலும் சிலிக்கான் உறையில் மை ஒட்டாது, நாலு நாளில் விரலோடு போய்விடும். கறுப்பு உறை என்றால் வெள்ளி நிறப் பெயின்ட் மார்க்கர் வேண்டும், அது காய ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அழியாத மார்க்கர் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். ஆல்கஹால் பட்டால் கரையும், கைக்குப் போடும் சானிடைசரே போதும். திரையை மட்டும் எந்தப் பேனாவாலும் தொடக் கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்றால், வேண்டும். மூன்று மணி நேரம் கையெழுத்துப் போட்ட அசதியில் கை தானாகத் திரைப்பக்கம் போகும்.

இரண்டாவது வழி திரையிலேயே எழுதுவது, அதற்கென்று செய்த பேனாவால். 2021இல் வந்த கோபோ எலிப்சா, 2022இல் வந்த கிண்டில் ஸ்க்ரைப் போன்ற பெரிய வாசிப்பான்கள் ஸ்டைலஸோடு வருகின்றன. டேப்லெட் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தலைப்புப் பக்கத்தைத் திறந்து நீட்டினால் காகிதத்தில் போடுவது போலவே போட்டுவிடலாம் என்று தோன்றும். கோபோவில் கிட்டத்தட்ட அப்படித்தான், பக்கத்தின் மேலேயே எழுத விடுகிறது. ஸ்க்ரைப் ஆரம்பத்தில் ஒட்டுத்தாள் போல ஒரு சின்னப் பெட்டிக்குள்தான் எழுதவிட்டது. பின்னால் வந்த மாற்றத்தில், எழுதும் இடத்தைச் சுற்றி வரிகள் விலகிக்கொள்கின்றன.

வரிகள் விலகுவதில்தான் சிக்கலும் இருக்கிறது. மின்னூலில் பக்கம் என்பது நிலையான ஒன்றில்லை. எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் ஓடி வேறு இடத்தில் உட்காரும். இன்று தலைப்புக்குக் கீழே கச்சிதமாக விழுந்த கையெழுத்து, நாளை எழுத்துருவை மாற்றியதும் எங்கே நிற்கும் என்பதை அந்தச் செயலிதான் முடிவு செய்யும். அது நூலுக்குள் பதிவதும் இல்லை. வாசகரின் கணக்கில், குறிப்புகளோடு குறிப்பாகத் தனியே கிடக்கும். வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறினால் அங்கே வராது. பிடிஎஃப் என்றால் கதை வேறு. அதில் பக்கம் அசையாது, பல செயலிகள் பேனா எழுத்தைக் கோப்புக்குள்ளேயே சேமிக்கின்றன. ஆனால் நாவலைப் பிடிஎஃப்பில் படிப்பவர்கள் எத்தனை பேர்?

ஆக, யாராவது ஸ்டைலஸோடு வந்து நின்றால் தாராளமாகப் போட்டுக்கொடுங்கள், மறுக்கக் காரணமில்லை. போட்ட கையோடு திரைப்பிடிப்பு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதையே உங்கள் ஏற்பாடாக வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது பேனா இல்லாத சாதாரண ஆறு அங்குலக் கருவி அல்லது வெறும் போன்.

இடையில் நின்று செய்து தருகிறோம் என்று வந்த சேவைகள் தனி வரலாறு. 2011இல் கிண்டில்கிராஃப் என்ற ஒன்று வந்தது, அடுத்த வருடமே ஆத்தர்கிராஃப் என்று பெயரை மாற்றிக்கொண்டது. வாசகர் இணையத்தில் கேட்பார், எழுத்தாளர் நாலு வரி எழுதித் திரையில் கையெழுத்திடுவார், அது ஒரு தனி ஆவணமாக வாசகரின் கருவிக்குப் போய்ச் சேரும். நூலுக்குள் போகாது, நூலுக்குப் பக்கத்தில் உட்காரும். அதே காலத்தில் ஆட்டோகிராஃபி என்று இன்னொரு முயற்சி. எழுத்தாளரும் வாசகரும் ஐபேடில் படம் எடுத்துக்கொள்வார்கள், எழுத்தாளர் அந்தப் படத்தின் மேல் விரலாலோ ஸ்டைலஸாலோ எழுதுவார், அது வாசகருக்கு இணைப்பாகப் போகும். யோசனை நன்றாகவே இருந்தது. படமும் கையெழுத்தும் ஒன்றாகக் கிடைப்பது காகிதப் புத்தகத்தில்கூட இல்லாத வசதி.

அதற்கும் முன்னால் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் லாங்பென் என்ற கருவியைக் கொண்டுவந்தார். எழுத்தாளர் ஓர் ஊரில் திரையில் எழுதினால், கடல் தாண்டிய ஊரில் ஓர் இயந்திரக் கை நிஜ மையால் நிஜப் புத்தகத்தில் அப்படியே எழுதும். 2006 மார்ச்சில் லண்டன் புத்தகக் கண்காட்சியில் முதல் வெள்ளோட்டம் விட்டபோது இயந்திரம் மக்கர் செய்தது. பின்னால் சரியாகிவிட்டது. அது மின்னூலுக்கான தீர்வு இல்லைதான். இருந்தாலும் எழுத்தாளர் எதிரே இல்லாவிட்டாலும் மை காகிதத்தில் விழ வேண்டும் என்பதற்காக ஓர் இயந்திரத்தையே கட்டினார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என் முடிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

சேவைகளை நம்புவதில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். கடை மூடினால் நூல் போகிறது, சேவை மூடினால் கையெழுத்து போகிறது. ஏற்கெனவே ஒரு கயிற்றில் தொங்கும் பொருளை ஏன் இரண்டாவது கயிற்றிலும் தொங்கவிட வேண்டும்? கோப்பாகக் கையில் வந்து சேர்ந்து, சேவை இல்லாமலே திறக்கக்கூடியதாக இருந்தால் சரி. அவர்கள் தளத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும் என்றால் வேண்டாம்.

கோப்புக்குள்ளேயே ஒரு பக்கம்

உங்கள் நூலின் மின்னுரிமை உங்களிடமே இருந்தால், நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்பாகக் கொடுக்கவும் முடியும் என்றால், கையெழுத்தை உண்மையாகவே நூலுக்குள் வைக்க ஒரு வழி இருக்கிறது. பலர் நினைப்பதைவிட இது எளிது.

மின்னூல்களுக்கான பொதுவான கோப்பு வடிவமான ஈபப் என்பது ஒரு ஜிப் பொதிதான். அவிழ்த்தால் உள்ளே அத்தியாயங்கள் சின்னச் சின்ன வலைப்பக்கங்களாக இருக்கும். படங்கள் தனியே இருக்கும். எந்தெந்தக் கோப்புகள் உள்ளன, எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியலும் இருக்கும். கையெழுத்திட்ட தாளைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தையும் அதைக் காட்டும் ஒரு பக்கத்தையும் உள்ளே போட்டு, பட்டியலில் அவற்றின் பெயரைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. காலிபர், சிகில் போன்ற இலவச மென்பொருள்கள் இதில் பாதியைத் தாமே செய்துவிடும். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து 'அன்புள்ள இன்னாருக்கு' என்று உங்கள் கையெழுத்திலேயே ஒரு பக்கம் வந்து நிற்கும். எழுத்தளவை மாற்றினாலும் படம் சிதறாது. கருவி மாறினாலும் கோப்போடு கூடவே போகும். 2022 முதல் கிண்டிலுக்கும் ஈபப் கோப்பை அனுப்ப முடிகிறது, அதனால் எந்தக் கருவி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதை மேசையிலேயே உட்கார்ந்து செய்ய முயலாதீர்கள். ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மேசையில் செய்ய வேண்டியது காகிதத்தில் எழுதுவதும் மின்னஞ்சல் முகவரி வாங்குவதும் மட்டும். மற்றதை அன்றிரவு அறையில் செய்யலாம். ஒரு கோப்புக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது பேருக்கு இரண்டு மணி நேரம். கணினி தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால், படத்தையும் பெயரையும் கொடுத்ததும் கோப்பைக் கட்டித் தரும் சின்ன நிரல் எழுதிவிடுவார். நானூறு பேர் வரிசையில் நிற்கும் எழுத்தாளருக்கு இது ஒத்துவராது. அந்தக் கவலை நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

பெயர் போட்ட பிரதிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2012இல் பாட்டர்மோர் தளம் ஹாரி பாட்டர் மின்னூல்களை விற்கத் தொடங்கியபோது, வழக்கமான பூட்டுக்குப் பதிலாக வாங்கியவரோடு தொடர்புபடுத்தும் நீரடையாளத்தைக் கோப்புக்குள் வைத்தது. பூட்டு திருட்டைத் தடுக்கப் பார்க்கிறது, நீரடையாளம் வாங்கியவரின் மனசாட்சியை நம்புகிறது. 'அன்புள்ள இன்னாருக்கு' என்று எழுத்தாளர் கைப்பட எழுதிய பக்கம் இதைவிடக் கண்ணியமான நீரடையாளம். தன் பெயர் முன்பக்கத்தில் இருக்கும் கோப்பை யாரும் ஊருக்கெல்லாம் பகிர மாட்டார்கள்.

பள்ளங்களும் இருக்கின்றன. மிகப் பெரியது ஒப்பந்தம். பதிப்பகத்தின் வழியாக வந்த நூல் என்றால் மின்பதிப்பைத் தரும் உரிமை உங்களுடையதாக இருக்காது, கேட்காமல் ஒரு கோப்பும் கொடுக்க முடியாது. சரி, நானே வெளியிட்டதுதானே என்கிறீர்களா? அமேசானின் சுயவெளியீட்டுத் தளத்தில் உள்ள கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால் அங்கேயும் கை கட்டப்பட்டுவிடும். 90 நாள் தவணைகளாக ஓடும் அந்தத் திட்டத்தில், நூல் அதில் இருக்கும்வரை மின்வடிவத்தை வேறெங்கும் விற்கவோ இலவசமாக வழங்கவோ கூடாது. கையெழுத்துப் போட்ட ஈபப்பை மின்னஞ்சலில் அனுப்புவதும் அந்த விதிக்குள் வரும். அச்சுப் பிரதிகளுக்கு அந்தக் கட்டு இல்லை. மாநாட்டுத் தேதிக்கு முன் தவணை முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளலாம். அல்லது கையெழுத்துப் பக்கத்தை மட்டும் தனிப் படமாக அனுப்பலாம், அது நூல் அல்லவே.

மின்னஞ்சல் முகவரி வாங்குவதிலும் கவனம் வேண்டும். கோப்பு அனுப்ப வாங்கிய முகவரியைக் கேட்காமல் செய்திமடலில் சேர்ப்பது மரியாதையில்லை. 2018இல் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்டச் சிக்கலாகவும் ஆகலாம்.

அப்புறம் ஒரு பழைய எச்சரிக்கை. மின்னூலால் அது புதிதாகக் கூர்மையாகியிருக்கிறது. வாசகர்களுக்குப் போடும் கையெழுத்தும் வங்கியில் போடும் கையொப்பமும் ஒன்றாக இருக்கக் கூடாது. காகிதத்தில் போட்டது ஓர் அலமாரியில் இருக்கும். தெளிவான படமாக அனுப்பியது எங்கே வேண்டுமானாலும் போகும்.

பூட்டும் சாவியும்

கணினிக்காரர்களிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். "டிஜிட்டல் கையொப்பம்னு ஒண்ணு எப்பவோ வந்தாச்சே" என்பார்கள். உண்மைதான். பொதுத்திறவி முறையின் கருத்து 1976இலேயே அச்சில் வந்துவிட்டது. உங்களிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கும், உலகத்துக்கு ஒரு பொதுச் சாவி கொடுப்பீர்கள். ரகசியச் சாவியால் ஒப்பமிட்ட கோப்பை யார் வேண்டுமானாலும் பொதுச் சாவியால் சரிபார்க்கலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஈபப் தரத்தில் இதற்கென்றே ஒரு கோப்புக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

போலியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. கையெழுத்துப் படத்தை யாரும் வெட்டி ஒட்டலாம், இதை முடியாது. ஆனால் வாசகர் கண்ணுக்கு அதில் தெரிவது ஒன்றுமில்லை, அல்லது புரியாத நீண்ட எழுத்துச் சரம். மழை நாளில் புத்தகத்தைத் திறந்து, 'அன்று அவர் என் பெயரைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினாரே' என்று சிரித்துக்கொள்ள அந்தச் சரத்தில் என்ன இருக்கிறது? அது நோட்டரி வேலை. ஆட்டோகிராஃபுக்கு அடித்தலும் திருத்தலும்தான் உயிர்.

2021இல் என்எஃப்டி அலை அடித்தபோது இதே யோசனை பளபளப்பாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு டிஜிட்டல் வில்லை (டோக்கன்), அந்த வில்லை யாரிடம் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கக்கூடிய பேரேடு, மறுவிற்பனையில் எழுத்தாளருக்கும் ஒரு பங்கு. கேட்க நன்றாக இருந்தது. பெரும்பாலும் வில்லைக்குள் இருந்தது நூல் அல்ல, நூல் இருக்கும் இடத்தின் முகவரி. அந்த இடம் காலியானால் வில்லை மட்டும் மிஞ்சும். மறுவிற்பனை என்ற ஆசைக்கும் சட்டம் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. வாங்கிய டிஜிட்டல் பாட்டுகளை மறுபடி விற்க உதவிய ரீடிஜி நிறுவனம் 2018 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பழைய மின்னூல்களை விற்ற டாம் காபினெட் நிறுவனத்துக்கு எதிராக 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் பிரதி விலை ஏறும் என்று சேமிப்பவர்களுக்கு மின்னூல் சரியான இடம் இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. மறுநாளே விற்பதற்காக வரிசையில் நிற்பவர்கள் இந்த மேசைக்கு வர மாட்டார்கள் அல்லவா?

காகித அட்டை

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். பார்த்தால் தோல்வியை ஒப்புக்கொள்வது போல இருக்கும். மின்னூலுக்குக் கையெழுத்து கேட்டால் காகிதம் நீட்டுகிறோமே என்று.

செய்வது இவ்வளவுதான். முன்பக்கம் நூலின் அட்டைப்படமும் எழுத வெற்றிடமும் இருக்கும் ஓர் அட்டையை அச்சடித்துக்கொள்வது. பின்பக்கத்தில் ஒரு க்யூஆர் குறி, ஒவ்வோர் அட்டைக்கும் வெவ்வேறான பதிவிறக்கக் குறியீடு. மேசையில் நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். வாசகர் வீட்டுக்குப் போய், நல்ல இணைப்பு இருக்கும் நேரத்தில் கோப்பை எடுத்துக்கொள்கிறார். புக்ஃபனல் போன்ற சேவைகள் அச்சிடுவதற்கென்றே இப்படித் தனித்தனிக் குறியீடுகள் தருகின்றன. ஸ்மாஷ்வேர்ட்ஸில் கூப்பன் எண் உருவாக்கலாம். கேடிபி செலக்ட் கட்டுப்பாடு இங்கேயும் உண்டு, மறக்க வேண்டாம். பதிப்பகத்தின் நூல் என்றால் குறியீடு இல்லாமல் வெறும் அட்டையாகவே கொடுக்கலாம், அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வது அரிது.

மேலே சொன்ன மூன்றில் சந்திப்புக்கு அடையாளம் முழுதாகக் கிடைத்துவிடுகிறது: உங்கள் மை, அவர் பெயர், அன்றைய தேதி. 'என் பிரதி' என்பதும் ஓரளவு வந்துவிடுகிறது. மூன்றாவது, நூலோடு ஒட்டிக்கொண்டிருப்பது, இதில் இல்லை. ஆனால் நூலே நிலையில்லாத இடத்தில் அதோடு ஒட்டாமல் இருப்பது பாதுகாப்பாகிவிடுகிறது. கடை மூடட்டும், கருவி சாகட்டும், அட்டை இருக்கும். புத்தகங்களில் உரிமையாளர் பெயர் தாங்கிய சீட்டுகளை ஒட்டும் வழக்கம் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. வர முடியாத வாசகருக்குக் கையெழுத்திட்ட ஒட்டுச்சீட்டைத் தபாலில் அனுப்புவது இன்றைய எழுத்தாளர்களுக்கும் பழக்கம்தான். இந்த அட்டை அதன் தம்பி.

மேசையில் வேகமும் இதில்தான். மணிக்கு அறுபது பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். கருவியைத் திறந்து, பக்கத்தைத் தேடி, ஸ்டைலஸ் வேலை செய்யவில்லை என்று தட்டிப் பார்ப்பதற்குள் அந்த நிமிடம் போய்விடும். அட்டை என்றால் முப்பது விநாடி எழுத, முப்பது விநாடி முகம் பார்த்துப் பேச. அந்த இரண்டாவது முப்பது விநாடிக்காகத்தான் அவர் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்.

வழவழப்பான லாமினேஷன் போட்ட அட்டையில் மை வழியும், எழுதும் பக்கம் பூச்சில்லாததாக இருக்கட்டும். குறியீட்டுக்குக் காலக்கெடு இருந்தால் அட்டையிலேயே அச்சிடுங்கள். அரங்கில் புத்தகக் கடை போட்டிருப்பவரிடம் முன்பே பேசிவிடுவதும் நல்லது. தன் கடையில் காகிதப் பிரதி விற்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்திலேயே குறியீடு விற்றால் அவர் முகம் சுளிப்பது நியாயம்தான். அட்டைகளை அவர் கடையிலேயே வைத்து விற்கச் சொன்னால் பெரும்பாலும் சுமுகமாக முடியும். கடையில் வாங்கியதற்கு மட்டுமே கையெழுத்து என்று விதி வைத்திருக்கும் மாநாடுகளில் மின்னூல் வாசகருக்கும் வரிசையில் நிற்க ஒரு தகுதி வந்துவிடும்.

போன் காணொளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசகர் பெயர் சொல்லி, நாவலின் முதல் வரியை உங்கள் குரலில் படித்துக் கொடுத்தால் பதினைந்து விநாடிதான். செலவில்லை. சிலருக்குக் கையெழுத்தைவிட அது பிடிக்கும். குரல் கட்டிக்கொள்ளும் என்பதால் நாற்பது பேருக்கு மேல் தாங்காது.

ஆக, உரிமை உங்களிடம் இருந்து, வரிசை நூற்றுக்குள் இருக்கும் என்றால் அட்டையும் கொடுங்கள், அன்றிரவு பக்கம் சேர்த்த ஈபப்பும் அனுப்புங்கள். அட்டையில் எழுதியதையே படம் பிடித்தால் போதும், இரண்டு தடவை எழுத வேண்டாம். பதிப்பகத்தின் பிடியில் இருக்கும் நூல் என்றால் அட்டை மட்டும். உறையில் எழுதச் சொல்லிக் கேட்டால் எழுதுங்கள், நீங்களாக முன்வர வேண்டாம். ஸ்டைலஸோடு வருபவர் அபூர்வ விருந்தாளி, உபசரித்து அனுப்புங்கள். சாவி, வில்லை பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

அட்டையின் அளவை முடிவு செய்யும் முன் ஆறு அங்குல வாசிப்பான் ஒன்றை உறையோடு கையில் எடுத்துப் பாருங்கள். தபாலட்டையை ஒத்த ஏ6 அளவு, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர், உறையின் மூடிக்கும் திரைக்கும் நடுவே பொருந்தும். மை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எழுதிய பக்கம் திரையைப் பார்க்காமல் மூடியைப் பார்க்க வேண்டும். நூலின் பெயரையும் உங்கள் கையாலேயே அட்டையில் எழுதுங்கள், அவர் கிண்டிலில் இருநூறு நூல்கள் இருக்கின்றன.